ஐந்தேகால் பவுண்டில் ஒரு லண்டன் சனிக்கிழமை

லண்டன் செலவு மிகுந்த ஊர் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது. வீட்டு வாடகையும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் சம்பளத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, வார இறுதியில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி பல வீடுகளில் எரிச்சலுடனேயே எழுகிறது. ஆனால் இதே ஊரில் உலகின் தலைசிறந்த அருங்காட்சியகங்கள் சிலவற்றுக்கு அனுமதிக் கட்டணம் கிடையாது. பதினொரு வயது நிரம்பாத பிள்ளைகள் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் இலவசமாகப் பயணம் செய்யலாம். இவ்விரண்டும் ஒரே ஊரில் சேர்ந்து அமைந்திருப்பதை எங்கள் குடும்பம் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டது என்பதைக் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயின் அனுபவமாக எழுதுகிறேன். புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், ஊரிலிருந்து உறவினர்களை வரவழைக்கப் போகிறவர்களுக்கும் இதில் சில பகுதிகள் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் பேருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அருங்காட்சியகத்தின் வாசல் இலவசமாக இருந்தாலும் அந்த வாசலை அடைவதற்கான செலவு அதிகமாக இருந்தால் குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துவிடும். லண்டன் பேருந்தில் எவ்வளவு தொலைவு சென்றாலும், எந்த நேரத்தில் ஏறினாலும், பெரியவர் ஒருவருக்கு ஒரே கட்டணம்தான். நான் இதை எழுதும்போது அது 1.75 பவுண்டு. முதல் பேருந்திலுள்ள கருவியில் பயண அட்டையைத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து எத்தனை பேருந்துகளில் ஏறினாலும் மறுபடியும் கட்டணம் பிடிக்கப்படுவதில்லை. ஹாப்பர் எனப்படும் இந்த ஏற்பாடு 2016 செப்டம்பரில் ஒரேயொரு மாற்றுப் பேருந்துக்கு மட்டும் தொடங்கப்பட்டது. 2018 முதல் அந்த ஒரு மணி நேரத்துக்கு எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது. நாள் முழுவதும் பேருந்துகளில் மட்டும் சுற்றினால் ஒருவருக்கு 5.25 பவுண்டுக்கு மேல் பிடிக்கப்படாது. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளுடன் காலையில் போய் மாலையில் திரும்பினால் நால்வருக்கும் சேர்த்து ஏழு பவுண்டு. எத்தனை இடங்களில் ஏறி இறங்கினாலும் பத்தரை பவுண்டைத் தாண்டாது. நான் மட்டும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சனிக்கிழமைகளில் அது ஐந்தேகால் பவுண்டிலேயே நின்றுவிடும்.

இந்தக் கணக்கு சரியாக நடக்க வேண்டுமானால் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். 2014 ஜூலை முதல் லண்டன் பேருந்துகளில் ரொக்கம் பெறப்படுவதில்லை. பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் பயண அட்டையோ, தொட்டுச் செலுத்தும் கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள வங்கி அட்டையோ, கைபேசியோ கட்டாயம் தேவை. பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை இருக்க வேண்டும். காலையில் எதைத் தொட்டோமோ அதையேதான் இரவு வரை தொட வேண்டும். வங்கிக் கணக்கு ஒன்றே என்றாலும், பிளாஸ்டிக் அட்டையைத் தொடுவதும் கைபேசியைத் தொடுவதும் இரண்டு வெவ்வேறு பயணிகளாகவே பதிவாகும். அப்போது ஹாப்பரும் கிடைக்காது, நாள் உச்சவரம்பும் பொருந்தாது. விருந்தினர்களிடம் இதை நான் வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். பேருந்தில் ஏறும்போது தொட்டால் போதும், இறங்கும்போது தொடத் தேவையில்லை. ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் இரண்டு முறையும் தொட வேண்டும். டி.எல்.ஆர். எனப்படும் ஓட்டுநர் இல்லாத இலகு ரயிலின் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவுகளே இல்லை என்பதால், பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே வெளியே நடந்துவிடுவது எளிது. அப்படித் தொடாமல் போனால் அந்தப் பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும்.

பேருந்தை வெறும் வண்டியாகக் கருதாமல் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே கொள்வது நாங்கள் பழகிக்கொண்ட முறை. ஈஸ்ட் ஹாமிலிருந்து 115ஆம் எண் பேருந்து கமர்ஷியல் சாலை வழியாக ஆல்ட்கேட் வரை செல்கிறது. அதே சாலையில் 15ஆம் எண் பேருந்துக்கு மாறினால், லண்டன் கோபுரம், செயின்ட் பால் தேவாலயம், ஃப்ளீட் தெரு, ஸ்ட்ராண்ட் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே டிரஃபால்கர் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் நிறையப் பணம் வாங்கிக்கொண்டு காட்டும் காட்சிகளுள் பாதி இந்த ஒரு வழித்தடத்தில் இருக்கின்றன. மாடியில் முன்வரிசை இருக்கை கிடைத்துவிட்டால் என் மகளுக்கு அன்றைய நாளின் முதல் வெற்றி அதுவே. லண்டன் கோபுரத்தருகே இறங்கினால் டவர் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய படகுகளுக்காக அந்தப் பாலம் திறக்கும் நேரங்கள் முன்கூட்டியே இணையத்தில் வெளியிடப்படுகின்றன. அந்த நேரத்தைப் பார்த்துச் சென்றால், கட்டணம் வாங்கும் எந்தக் காட்சிக்கும் குறையாத வியப்பு கரையில் நின்றபடியே கிடைக்கும்.

சுரங்க ரயிலைத் தேர்ந்தெடுப்பது நேரம் குறைவாக இருக்கும்போதுதான். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயில்தடத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் சவுத் கென்சிங்டனில் இறங்கலாம். கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் பதினொரு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகள் வரை சுரங்க ரயில், டி.எல்.ஆர்., ஓவர்கிரவுண்ட், எலிசபெத் ரயில்தடம் ஆகியவற்றில் இலவசமாக வரலாம். நிலையத்திலுள்ள அகலமான தடுப்புக் கதவு வழியாக எல்லோரையும் சேர்த்து அழைத்துச் சென்றால் போதும். வார நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கு முதல் ஏழு வரையும் நெரிசல் நேரக் கட்டணம் என்பதால், பள்ளி விடுமுறை நாட்களில் ஒன்பதரைக்குப் பிறகே கிளம்புவோம். அருங்காட்சியகங்கள் பத்து மணிக்குத்தான் திறக்கின்றன என்பதால் இழப்பொன்றும் இல்லை. தள்ளுவண்டி வயதுக் குழந்தை இருந்தால் கணக்கு மாறுகிறது. சவுத் கென்சிங்டன் உட்படப் பல பழைய நிலையங்களில் படிக்கட்டுகளைத் தவிர்க்க முடியாது. பேருந்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நடுவிலுள்ள இடம் முதலில் சக்கர நாற்காலிப் பயணிக்கு உரியது, அவர் ஏறினால் தள்ளுவண்டியை மடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கையால் மடிக்கக்கூடிய இலேசான வண்டியை வாங்கியதை இந்த ஊரில் நாங்கள் செய்த நல்ல செலவுகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

இந்த வசதிகள் எல்லாம் தாமாக வந்தவை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வருகிறேன். 1981இல் கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருநகர லண்டன் மன்றம் பயணக் கட்டணங்களைப் பெருமளவு குறைத்தபோது, ப்ராம்லி பகுதி மன்றம் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்தக் குறைப்பு சட்டப்படி செல்லாது என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதே லிவிங்ஸ்டன் பின்னாளில் லண்டன் மேயராக இருந்தபோதுதான், 2005இல், பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பேருந்துப் பயணம் இலவசமாயிற்று. அருங்காட்சியகங்களின் கதையும் இப்படித்தான் ஏறி இறங்கியது. 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759இல் திறக்கப்பட்ட நாள்முதல் இலவசம். 1974இல் சில மாதங்கள் மட்டும் அரசின் ஆணையால் கட்டணம் வாங்கியது. சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் 1980களின் பிற்பகுதியில் கட்டணத்துக்கு மாறின. 1999இல் குழந்தைகளுக்கும், 2000இல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், 2001 டிசம்பர் 1 முதல் அனைவருக்கும் அந்தக் கட்டணம் நீங்கியது. இலவசமாகத் திறந்துவைக்கும் தேசிய அருங்காட்சியகங்களும் தாங்கள் செலுத்திய வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்று அவ்வாண்டு சட்டம் மாற்றப்பட்டதே இதற்கு வழி செய்தது. ஒரு வரிச் சட்டத்தின் சிறு திருத்தம் எத்தனை பிள்ளைகளுக்கு டைனோசரைக் காட்டியிருக்கிறது என்று எண்ணும்போது, வரவு செலவுத் திட்டச் செய்திகளை இனிக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். நுழைவு இலவசம் என்பதன் பெரிய பயன் பணம் மிச்சமாவதன்று. பாதியிலேயே வெளியேறிவிடலாம் என்பதே. நால்வருக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போன குடும்பம், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று மாலை வரை நடக்கும்; மூன்றாவது மணி நேரத்தில் சிறியவர் அழுவார், நான்காவதில் பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். காசு கொடுக்காத இடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகும்போது ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்ப்பது எங்கள் வீட்டு விதி. எந்தப் பகுதி என்பதைப் பிள்ளைகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருமுறை கனிமங்களும் கற்களும் மட்டும், இன்னொருமுறை எரிமலைகளும் நிலநடுக்கமும் மட்டும். நடுக்கூடத்தில் 25 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் ‘ஹோப்’ என்ற நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் சற்று நேரம் நிற்பது மட்டும் எப்போதும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம். மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிம்மதியில்தான் பிள்ளைகள் பார்த்ததைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் பேசுகிறார்கள்.

அங்கே நுழைவு இலவசமானாலும் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் நேரம் குறித்த இலவசச் சீட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. குரோம்வெல் சாலைப் பக்கத்துப் பெருவாசலில் கூட்டம் நீளும்போது, எக்சிபிஷன் சாலைப் பக்கத்து வாசலையும் பார்க்கலாம். அங்கே நுழைந்ததும் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு வரவேற்கும், பூமி உருண்டைக்குள் புகுந்து மேலேறும் நகரும் படிக்கட்டும் அங்கேதான். அடுத்த கட்டடமான அறிவியல் அருங்காட்சியகத்தில் 1969 மே மாதம் மூன்று மனிதர்களைச் சுமந்து நிலவைச் சுற்றிவந்த அப்பல்லோ 10 விண்கலத்தின் கூண்டு இருக்கிறது. இவ்வளவு சிறிய இடத்திலா மூன்று பேர் என்று என் மகன் கேட்ட கேள்வி, எந்தப் பாடநூலும் அவனிடம் எழுப்பாதது. தெருவின் எதிர்ப்புறம் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நடுமுற்றத்தில் ஆழமில்லாத நீள்வட்டக் குளம் ஒன்று உண்டு. கோடையில் பிள்ளைகள் காலை நனைத்து விளையாடுவதை அங்கே எவரும் தடுப்பதில்லை. மாற்றுடையும் ஒரு துண்டும் பையில் இருந்தால் போதும்.

இலவசம் என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லத்தான் வேண்டும். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அறிவியல் அருங்காட்சியகத்தின் வொண்டர்லேப் போன்ற செய்முறைக் கூடங்களுக்கும் உண்டு. வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும், சில நேரங்களில் ஊழியரே கனிவாகக் கேட்பார். கொடுப்பது நம் விருப்பம், கொடுக்காமல் உள்ளே போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்குப் பதில் ஆண்டுக்கொரு முறை சற்றுக் கூடுதலாகக் கொடுத்துவிடுவது எங்கள் பழக்கம். உண்மையில் பணம் கரைவது உணவகத்திலும் பரிசுக் கடையிலும்தான். நால்வர் சாண்ட்விச்சும் பழச்சாறும் வாங்கினால் அன்றைய பேருந்துச் செலவைப்போல் சில மடங்கு ஆகிவிடும். எனவே புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போவோம்; பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் கொண்டுவந்த உணவை உட்கார்ந்து உண்ண இடம் இருக்கிறது, வாசலில் விசாரித்தால் சொல்வார்கள். பரிசுக் கடையைப் பொறுத்தவரை, அஞ்சலட்டை ஒன்று மட்டும் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுகிறோம். அந்த அஞ்சலட்டைகள் ஊரிலுள்ள தாத்தாவுக்கு எழுதப் பயன்படுகின்றன, தமிழ் எழுத்துப் பயிற்சியும் சேர்ந்து நடக்கிறது.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். பதப்படுத்தப்பட்ட எகிப்தியச் சடலங்களிடம் பிள்ளைகள் ஓடிவிட, அம்மா 33ஆம் அறையில் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியின் முன் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றலாமா என்று என்னிடம் கேட்டார்; வேண்டாம் என்றதும் கைகூப்பிக் கண்மூடி நின்றார். “பாட்டி, இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் பூ வைக்கவில்லை?” என்று மகள் கேட்டாள். அம்மாவிடமும் என்னிடமும் அதற்கு விடை இல்லை. பக்கத்திலேயே அமராவதித் தூபியின் சுண்ணாம்புக் கற்சிற்பங்கள் தனி அறையில் இருக்கின்றன. அதே தூபியின் இன்னொரு பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வழியாகவே ஒரு பகுதி லண்டனுக்கு வந்தது. இலவசமாகக் காட்டப்படும் இவற்றுள் பல எப்படி இங்கே வந்து சேர்ந்தன என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுவதற்கும் இப்படிப்பட்ட அறையே தகுந்த இடம் என்பது என் எண்ணம். அவசரமில்லாமல் பேச வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மாலை நல்லது. அன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இரவு எட்டரை வரை திறந்திருக்கும்.

பெயர்பெற்ற இடங்களின் கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் கிழக்குப் பக்கம் வரலாம். பெத்னல் கிரீனில் உள்ள, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிளையான யங் வி அண்ட் ஏ 2023 ஜூலையில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. முழுக்க முழுக்கப் பிள்ளைகளுக்காகவே அமைக்கப்பட்ட இது இலவசம். எங்கள் பகுதியிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயில்தடத்தில் மைல் எண்ட் வரை சென்று, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் வரும் சென்ட்ரல் தடத்து ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் பெத்னல் கிரீன். கேனரி வார்ஃபுக்கு அருகில், 1802இல் கட்டப்பட்ட சர்க்கரைக் கிடங்கு ஒன்றில் இயங்கும் லண்டன் அருங்காட்சியகத்தின் டாக்லண்ட்ஸ் கிளையும் இலவசமே. சின்னஞ்சிறுவர்களுக்கான மட்லார்க்ஸ் கூடம் அங்கே உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு, அந்தக் கிடங்கில் குவிந்த சர்க்கரையின் பின்னாலிருந்த அடிமை வணிகத்தைச் சொல்லும் கூடம் உண்டு.

விருந்தினர்களுக்கு நான் தவறாமல் பரிந்துரைக்கும் நாள் கிரீனிச் நாள்தான். ஈஸ்ட் ஹாமில் 474ஆம் எண் பேருந்தில் ஏறி நார்த் வுல்விச்சில் இறங்கினால், தேம்ஸைக் கடக்கும் வுல்விச் படகு காத்திருக்கும். 1889இல் தொடங்கிய நாள்முதல் இந்தப் படகில் எவரிடமும் காசு வாங்குவதில்லை. படகு ஓடாத நாளிலும் கவலையில்லை. ஆற்றுக்கு அடியில் நடந்து செல்லும் சுரங்கப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. அக்கரையில் 177ஆம் எண் பேருந்தை முதல் அட்டைத்தொடுகையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிடித்துவிட்டால் கிரீனிச் வரை ஒரே கட்டணம். அங்குள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் இலவசம். டிரஃபால்கர் கடற்போரில் கடற்படைத் தளபதி நெல்சன் அணிந்திருந்த மேலங்கியைத் தோட்டா துளைத்த ஓட்டையோடு காணலாம், தரையில் விரிந்திருக்கும் உலகப் பெருவரைபடத்தின் மேல் பிள்ளைகள் கண்டம்விட்டுக் கண்டம் ஓடலாம். குன்றின் மேலுள்ள வானாய்வகத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. ஆனால் வாசல் சுவரிலுள்ள இருபத்துநான்கு மணிக் கடிகாரத்தையும், நாள்தோறும் பகல் ஒரு மணிக்குக் கோபுரத்திலிருந்து இறங்கும் சிவப்பு நேரப்பந்தையும், குன்றிலிருந்து தெரியும் நகரக் காட்சியையும் வெளியில் நின்றே பார்க்கலாம். திரும்பும்போது 1902இல் திறக்கப்பட்ட கிரீனிச் நடைச் சுரங்கத்தின் வழியாக ஆற்றுக்கு அடியில் நடந்து மறுகரைக்கு வந்து டி.எல்.ஆர். பிடிப்போம். ஓட்டுநர் இருக்கை இல்லாத அந்த ரயிலின் முன்கண்ணாடி ஓரம் உட்காரப் பிள்ளைகளுக்குள் நடக்கும் போட்டியைத் தவிர அன்று வேறு சண்டை இருக்காது.

ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சில விதிகள் வேறுபடும். லண்டன்வாசிகளான முதியோருக்குரிய இலவசப் பயண அட்டை சுற்றுலாவாக வரும் பெற்றோருக்குக் கிடைக்காது. அவர்கள் பெரியவர் கட்டணம்தான் செலுத்த வேண்டும். பதினொன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளை அழைத்துவந்தால், சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் கேட்டு அவர்களுடைய ஆய்ஸ்டர் அட்டையில் இளம் பயணிச் சலுகையைப் பதிவுசெய்துகொள்ளலாம்; பதினான்கு நாட்கள் வரை பாதிக் கட்டணம். செயின்ட் பால் தேவாலயத்தையும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையும் சுற்றிப் பார்க்க நுழைவுக் கட்டணம் கணிசமானது என்றாலும், மாலை வழிபாட்டுக்கு வருபவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை. படம் எடுக்காமல் அமைதியாக அமர்ந்து, அந்தக் கூரைக்கடியில் எழும் குழுப்பாடலைக் கேட்டுவிட்டு வரலாம். தேம்ஸ் கரையில் உள்ள ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் தேசியக் கவிதை நூலகம் இருக்கிறது. அதுவும் இலவசம், குழந்தைகளுக்கான கவிதை நூல்களும் உண்டு, மழை நாளுக்கு ஏற்ற இடம்.

இந்த முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. பேருந்து மலிவானது, ஆனால் மெதுவானது. நகரின் நடுவே சாலைப்பணி நடந்தால் நடந்து போவதே விரைவாக இருக்கும். வார இறுதிகளில் பராமரிப்புக்காக ரயில்தடங்களை மூடுவதும் வழக்கம் என்பதால், வெள்ளிக்கிழமை இரவே மறுநாள் நிலவரத்தைப் பார்த்துவைப்பதும், மாற்று வழி ஒன்றை மனத்தில் வைத்திருப்பதும் அவசியம். பிள்ளைகளோடு போகும்போது மொத்தத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் செலவாகும் எந்த இடத்தையும் நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை.

பதினொரு வயது நிரம்பும்போது கணக்கு மீண்டும் மாறுகிறது. அந்த வயதிலிருந்து பதினைந்து முடியும்வரை, ஒளிப்படத்துடன் கூடிய ஜிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பேருந்து தொடர்ந்து இலவசம். சுரங்க ரயிலில் குழந்தைக் கட்டணம் உண்டு. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துச் சிறு கட்டணம் செலுத்த வேண்டும், அது அஞ்சலில்தான் வரும் என்பதால் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. எங்கள் மகனுக்கு அந்த அட்டை வந்துவிட்டது. இப்போது அவன் பேருந்து எண்களை எனக்குச் சொல்கிறான். மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் அகலக் கதவு வழிதான்.